மண்பாதைக்கு முதல் அட்வென்ச்சர் பைக்: எடை குறைந்த வண்டியைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

டிரெயில், அதாவது மண்பாதை, காட்டுவழி ஓட்ட ஆசைப்பட்டு வண்டி தேடும் நண்பர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எத்தனை சிசி எடுக்கலாம்?" என்றுதான். நான் திருப்பிக் கேட்பேன்: "விழுந்தால் தனியாகத் தூக்கிவிடுவீர்களா?"

விழுவது நிச்சயம். தார்ச்சாலையில் வருடக்கணக்கில் விழாதவர்கூட மண்பாதையில் ஒரே காலையில் மூன்று தடவை வண்டியைப் போடுவார். பெரும்பாலும் நடைவேகத்தில் நடக்கும் சாய்வுகள் இவை. உடம்பில் பெரிதாக அடிபடாது. ஆனால் வண்டியைத் தூக்கித் தூக்கியே ஆள் ஓய்ந்துபோவார்.

என் முதல் வண்டி முழு டேங்க் பெட்ரோலோடு இருநூறு கிலோவை ஒட்டி இருந்தது. நெடுஞ்சாலையில் அருமையாக ஓடும். ஜவ்வாது மலைப் பக்கம் ஒரு கல்லோடைப் பாதையில் மெதுவாக ஏறும்போது சாய்ந்தது. தூக்கினேன். பத்தடி தள்ளி மறுபடி சாய்ந்தது. அதையும் தூக்கினேன். மூன்றாவது தடவை முன்கை நடுங்க ஆரம்பித்து, கிளட்சைப் பிடிக்கக்கூட விரலில் பிடிமானம் இல்லை. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் வந்து கைகொடுத்தார். "எங்க எக்செல் தினமும் இந்த வழியிலதான் போவுது தம்பி" என்றார். அவர் சொன்னது முழுக்கச் சரி. தொண்ணூறு கிலோகூட வராத வண்டி அது. எடை என்ன செய்யும் என்பது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. கீழே வரும் படிகள் எல்லாம் அங்கிருந்து வந்தவைதான்.

படி 1: எந்த மண்ணில் ஓட்டப்போகிறீர்கள்?

ஷோரூமுக்குப் போகும் முன் உங்கள் ஊரைச் சுற்றி ஐம்பது கிலோமீட்டருக்குள் என்ன பாதை இருக்கிறது என்று பாருங்கள். லடாக் கனவு இருக்கட்டும், மாதத்தில் மூன்று ஞாயிறு நீங்கள் ஓட்டப்போவது இந்தப் பாதைகளில்தான்.

செம்மண் பாதை என்றால் காய்ந்திருக்கும்போது எந்த வண்டியும் போகும். லேசான தூறல் விழுந்ததும் மேல்தோல் மட்டும் சோப்பு மாதிரி வழுக்கும். கரிசல் வேறு கதை. கோவில்பட்டி, அருப்புக்கோட்டைப் பக்கம் மழைக்கு மறுநாள் ஓட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மண் டயரில் அப்பி, டயரோடு சுற்றி, முன் மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே அடைத்துக்கொள்ளும். சக்கரமே சுற்றாது. குச்சியை விட்டு நோண்டி எடுத்தால் இருபதடி ஓடும், திரும்ப அடைத்துவிடும். அந்தப் பக்கத்துக்காரர்கள் டயரை ஒட்டி மட்கார்டு இருக்கும் வண்டியைத் தவிர்த்துவிட்டு, மட்கார்டு உயரத்தில் தூக்கலாக இருக்கும் வண்டியைப் பாருங்கள். தூத்துக்குடி மாவட்டத்துத் தேரி மணல் ஓரங்களில் ஓட்டுகிறவர்களுக்கு எடைதான் எல்லாம். கனமான வண்டியின் முன்சக்கரம் மணலில் புதைந்து, ஹேண்டிலைத் தன் இஷ்டத்துக்குத் திருப்பும்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் வண்டியோடு நுழைவது குற்றம். அதேபோல வற்றிய ஏரி பயிற்சிக்கு நல்ல இடம்தான், ஆனால் கரைமேல் ஏற்றி இறக்காதீர்கள். டயர் கிழித்த தடத்தில்தான் அடுத்த மழைக்குத் தண்ணீர் அரிக்கத் தொடங்கும். அந்த ஏரியை நம்பி வயல் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள்.

படி 2: படுக்கப் போட்டுத் தூக்கிப் பாருங்கள்

இந்தச் சோதனையை யாரும் செய்வதில்லை. இதற்காகத்தான் இந்தப் பதிவையே எழுதுகிறேன். ஷோரூமில் புது வண்டியைப் படுக்கப் போட விடமாட்டார்கள். அந்த மாடல் வைத்திருக்கும் ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். மண்பாதையில் ஓட்டுகிற ஆளாக இருந்தால் அவரே சந்தோஷமாகச் சம்மதிப்பார். புல்தரையிலோ மணலிலோ இரண்டு பேராக மெதுவாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள்.

இப்போது தூக்குங்கள். முதலில் இன்ஜின் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். வண்டி உருளாமல் இருக்க முதல் கியர் விழுந்திருக்க வேண்டும். வலப்பக்கம் விழுந்திருந்தால் சைடு ஸ்டாண்டை முன்கூட்டியே போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் தூக்கிய வேகத்தில் எதிர்ப்பக்கம் சாய்ந்துவிடும். தரையில் கிடக்கும் பக்கத்துக் கைப்பிடி டேங்கை ஒட்டி வரும்படி ஹேண்டிலை முழுக்க மடக்குங்கள். சீட்டுக்கு முதுகைக் காட்டி உட்காருவதுபோலக் குந்துங்கள். ஒரு கை அந்தக் கைப்பிடியில், இன்னொரு கை பின்பக்கக் கம்பியிலோ ஃபிரேமிலோ. முதுகை வளைக்காமல், காலால் தரையை உந்திப் பின்னோக்கிச் சின்னச் சின்ன அடியாக நடங்கள். வண்டி எழுந்துவிடும்.

ஒரு தடவை தூக்கியதும் "முடிகிறது" என்று நினைத்துவிடக் கூடாது. ஐந்து நிமிட இடைவெளியில் மூன்று தடவை செய்யுங்கள். மூன்றாவது தடவைக்குப் பிறகும் கிளட்சை இரண்டு விரலால் சிரமமில்லாமல் இழுக்க முடிந்தால் அந்த எடை உங்களுக்குச் சரி. சராசரி உடல்வாகுள்ள புதியவருக்கு என் கணக்கில் 160 கிலோ அளவோடு நிறுத்திக்கொள்வது நல்லது. 170 வரை சமாளிக்கலாம். 180க்கு மேல் என்றால் கூட எப்போதும் ஒரு ஆள் வேண்டும். விளம்பரத்தில் எடையைப் பார்க்கும்போது பெட்ரோலோடு சேர்த்த எடையா, வெறும் வண்டியின் எடையா என்று கவனியுங்கள். பத்துப் பன்னிரண்டு கிலோ வித்தியாசம் அங்கேயே ஒளிந்திருக்கும்.

படி 3: சீட் உயரம்

825 மி.மீ. என்று படித்ததும் பயந்துவிட வேண்டாம். நீங்கள் உட்கார்ந்ததும் சஸ்பென்ஷன், அதாவது அதிர்வைத் தாங்கும் ஸ்பிரிங் அமைப்பு, சில சென்டிமீட்டர் இறங்கும். தடித்த அடிப்பாகம் உள்ள பூட்ஸ் போட்டால் உங்கள் உயரம் கொஞ்சம் கூடும். இரண்டு காலும் முழுசாகத் தரையில் பதிய வேண்டியதில்லை. ஒரு பக்கம் நகர்ந்து உட்கார்ந்தால் ஒரு பாதமாவது நன்றாக ஊன்ற வேண்டும். மண்பாதையில் தரை சமமாக இருக்காது, ஊன்றப்போகும் பக்கம் அரையடி பள்ளமாக இருக்கும். அதனால் சமதரையில் இரண்டு பக்கமும் நுனிவிரல் மட்டும்தான் எட்டுகிறது என்றால் முதல் வண்டிக்கு அந்த உயரம் அதிகம்.

அப்புறம் ஃபுட்ரெஸ்டில் எழுந்து நின்று பாருங்கள். மண்பாதையில் பாதி நேரம் நின்றுதான் ஓட்டப்போகிறீர்கள். ஹேண்டிலைப் பிடிக்க முதுகு கூன வேண்டியிருந்தால், ஹேண்டிலை உயர்த்த வழி உண்டா என்று மெக்கானிக்கிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 4: சக்கரமும் சஸ்பென்ஷனும்

முன்சக்கரம் 21 அங்குலம், ஸ்போக் வீல் (கம்பிச் சக்கரம்). முதல் வண்டியில் இந்த இரண்டையும் விட்டுக்கொடுக்காதீர்கள். பெரிய சக்கரம் ஒரு கல்லைத் தொடும்போது அதன்மேல் ஏறி உருளும். 17 அங்குலச் சக்கரம் அதே கல்லில் முட்டி நிற்கும். ஸ்போக் வீல் அடிபட்டால் வளையும், ஸ்போக்கை மாற்றி நிமிர்த்திவிடலாம். அலாய் விரிசல் விட்டால் அதோடு போச்சு. 19 அங்குல முன்சக்கரம் நடுவாந்திரம். சாலையே பிரதானம், எப்போதாவது மண் என்பவர்களுக்கு அது போதும்.

ஸ்போக் வீல் வண்டிகளில் பெரும்பாலும் டியூப் டயர்தான் வரும். பஞ்சர் ஆனால் காற்று சட்டென்று இறங்கிவிடும் என்பது உண்மை. ஆனால் எந்தக் கிராமத்துப் பஞ்சர் கடையிலும் டியூப் ஒட்டுவார்கள். 21 அங்குல டியூப் ஒன்றை மட்டும் பையில் வைத்திருங்கள். அவசரத்துக்குப் பின்சக்கரத்திலும் அதைத் திணித்து ஓட்டி ஊர் வந்து சேரலாம்.

சஸ்பென்ஷன் முன்னால் 190 மி.மீ. அளவுக்கு இறங்கி ஏறி, கிரவுண்ட் கிளியரன்ஸ் (தரைக்கும் வண்டியின் அடிப்பாகத்துக்கும் உள்ள இடைவெளி) 220 மி.மீ. இருந்தால் ஆரம்பத்துக்குத் தாராளம். இதற்கு மேல் தேடினால் சீட்டும் சேர்ந்து உயரும்.

படி 5: இன்ஜின்

குதிரைத்திறனைப் பார்க்காதீர்கள். முதல் கியரில் கிளட்சை முழுக்க விட்டு, ஆக்சிலரேட்டரைத் தொடாமல் வண்டியை நகரவிடுங்கள். ஆள் நடக்கும் வேகத்தில் திணறாமல் போகிறதா? கல்லோடையில் உங்களுக்கு வேண்டியது அதுதான். சற்று வேகமாக ஓடுகிறது என்றால், பின்னால் இரண்டு பல் கூடுதலான ஸ்பிராக்கெட் (செயின் ஓடும் பல்சக்கரம்) போட்டாலே நல்ல மாற்றம் தெரியும். 18 குதிரைத்திறன் மண்பாதைக்குப் போதும். நெடுஞ்சாலையில் நூறைத் தாண்டி நாள் முழுக்க ஓட்டத்தான் அது பற்றாது.

பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ்ஸைப் பின்சக்கரத்துக்காவது அணைக்க முடிகிறதா என்றும் கேளுங்கள். சரளை இறக்கத்தில் ஏபிஎஸ் பிரேக்கை விட்டு விட்டுப் பிடிக்கும், வண்டி நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும்.

படி 6: இந்தியச் சந்தையில் எதைப் பார்ப்பது

பெரும்பாலானவர்களுக்கு என் பதில் ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 4வி. முதல் எக்ஸ்பல்ஸ் 2019இல் வந்தது. 4வி மாடல் 160 கிலோ பக்கம், சீட் 825 மி.மீ., முன்னால் 21, பின்னால் 18 அங்குல ஸ்போக் வீல், 13 லிட்டர் டேங்க். குளிரூட்ட ரேடியேட்டர் இல்லை. விழுந்தால் உடைய ஒரு பொருள் குறைவு என்று அர்த்தம். சின்ன ஊரிலும் மெக்கானிக் பயப்படாமல் கைவைப்பார். 2025இல் வந்த எக்ஸ்பல்ஸ் 210இல் ரேடியேட்டர், ஆறு கியர், 24 குதிரைத்திறனுக்கு மேல், முன்னால் 210 மி.மீ. சஸ்பென்ஷன் எல்லாம் உண்டு. எடை 170 கிலோ பக்கம் வந்துவிட்டது. வாரநாளில் நெடுஞ்சாலையிலும் போகிறவர்களுக்கு இது.

கவாசாகி கேஎல்எக்ஸ் 230 வெறும் 139 கிலோ. படி 2ஐச் சிரித்துக்கொண்டே தாண்டும். ஆனால் சீட் 880 மி.மீ., டேங்க் 7.6 லிட்டர். உயரமான ஆளாக இருந்து, மண்ணிலேயே ஓட்டப்போகிறீர்கள் என்றால் இதைப் பாருங்கள். சுசுகி வி-ஸ்ட்ரோம் எஸ்எக்ஸ் 167 கிலோ, 19 அங்குல அலாய். பயணத்துக்கு நல்ல வண்டி, டிரெயிலுக்கு என்று வாங்காதீர்கள். ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450 எனக்கு மிகவும் பிடித்த வண்டி. 196 கிலோ என்பதால் இரண்டாவது வண்டியாக வைத்துக்கொள்ளலாம். 2011இல் வந்த ஹீரோ இம்பல்ஸ் இன்னும் சிலரிடம் இருக்கிறது. 134 கிலோதான், மண்ணில் இனிமையாக ஓடும். ஆனால் உற்பத்தி நின்று வருடங்கள் ஆகிவிட்டதால் ஸ்பேர் தேடி அலைய நேரம் உள்ளவர்களுக்கு மட்டும்.

படி 7: பழைய வண்டி என்றால்

முதல் வண்டி பழையதாகவே இருக்கட்டும் என்பேன். புது வண்டியில் முதல் கீறல் விழும்வரை பயந்து பயந்து ஓட்டுவீர்கள், கற்றுக்கொள்ள மாட்டீர்கள்.

பார்க்கப் போகும்போது ஒரு சின்ன ஸ்பானரை எடுத்துப் போங்கள். முன்சக்கரத்தைத் தூக்கி மெல்லச் சுற்றிக்கொண்டே ஒவ்வொரு ஸ்போக்காகத் தட்டுங்கள். இறுக்கமான ஸ்போக் 'டிங்' என்று மணி மாதிரி ஒலிக்கும். தளர்ந்தது 'டொக்' என்று அடங்கும். ஒன்றிரண்டு 'டொக்' பரவாயில்லை, இறுக்கிவிடலாம். வரிசையாக ஒரே இடத்தில் நாலைந்து கேட்டால் ரிம் அடிவாங்கியிருக்கிறது. அதே நிலையில் ஹேண்டிலை இடமும் வலமும் மெதுவாகத் திருப்புங்கள். நடுவில் ஒரு பள்ளத்தில் விழுவதுபோல நின்றால் கோன் செட், அதாவது ஹேண்டில் திரும்பும் பேரிங், போய்விட்டது. ஃபோர்க்கில் (முன்சக்கரத்தைத் தாங்கும் இரட்டைக் குழாய்களில்) எண்ணெய்க் கசிவு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். ஏர் ஃபில்டரைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். வடிகட்டியைத் தாண்டி இன்ஜின் பக்கத்திலும் செம்மண் தூசி படிந்திருந்தால் விலை பேசாமல் கிளம்பிவிடுங்கள்.

இன்ஜின் அடிப்பக்கத்தைக் காக்கும் பேஷ் பிளேட்டிலும் கைப்பிடியைக் காக்கும் ஹேண்ட் கார்டிலும் இருக்கும் கீறல் நல்ல அறிகுறி. அடிவாங்க வேண்டியவை வாங்கியிருக்கின்றன.

படி 8: காசை எப்படிப் பிரிப்பது

பட்ஜெட்டை முழுக்க வண்டியில் கொட்டாதீர்கள். பத்தில் ஒரு பங்கையாவது முதலிலேயே ஒதுக்கி, கணுக்காலை மூடும் பூட்ஸ், முட்டிக் கவசம், நல்ல ஹெல்மெட், கையுறை வாங்குங்கள். வண்டி சாய்ந்து காலில் விழும்போது முதலில் மாட்டுவது கணுக்கால். அடுத்து பேஷ் பிளேட், ஹேண்ட் கார்டு. கம்பெனி டயர் தேயும்வரை ஓடட்டும், மண்ணுக்கான பட்டன் டயர் (கட்டை கட்டையாகப் பல் உள்ளது) பிறகு பார்க்கலாம். சத்தமான சைலன்சருக்குச் செலவழிக்கவே வேண்டாம். ஊர்க்காரர்கள் வழிவிடுவது நம்மீது உள்ள நல்லெண்ணத்தால்தான்.

வண்டி வந்ததும் கைப்பம்பு ஒன்றும் காற்றழுத்தம் பார்க்கும் கருவியும் வாங்கி வையுங்கள். மண்ணில் இறங்கும் முன் இரண்டு டயரையும் 20 பிஎஸ்ஐ அளவுக்குக் குறையுங்கள். டயர் அகலமாகப் பதிந்து பிடித்துக்கொள்ளும். அதற்கும் கீழே போனால் கல்லில் மோதும்போது ரிம் டியூபைக் கடித்துவிடும். திரும்பித் தார்ச்சாலை ஏறும் இடத்தில் நின்று, மறக்காமல் பழைய அளவுக்கு அடித்துக்கொள்ளுங்கள்.