லினக்ஸில் எழுத மறுத்த வட்டுப் பகுதி

வீட்டுக் கணினியில் விண்டோஸுடன் லினக்ஸையும் நிறுவிய பிறகு, புகைப்படங்களும் ஆவணங்களும் இருந்த, விண்டோஸ் பயன்படுத்தும் என்டிஎஃப்எஸ் என்ற கோப்பு முறைமையில் அமைந்த வட்டுப் பகுதியை லினக்ஸில் திறந்து படிக்க முடிந்ததே தவிர, ஒரு கோப்பைக்கூடச் சேமிக்க முடியவில்லை. வட்டு பழுதாகிவிட்டதோ என்று கவலைப்பட்டேன், காரணம் வேறு.

விண்டோஸ் 8 முதல் உள்ள ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி, ஷட் டவுன் செய்யும்போது இயங்குதளத்தின் மையப் பகுதியின் நிலையை வட்டில் எழுதி வைத்து, அடுத்த முறை அதையே மீட்டெடுக்கிறது. ஆகவே கணினியை அணைத்த பின்னும் அந்த வட்டுப் பகுதி முழுமையாக மூடப்படுவதில்லை. அந்த நிலையில் வேறொரு இயங்குதளம் அதில் எழுதினால் கோப்புகள் சிதையக்கூடும் என்பதால், லினக்ஸ் அதைப் படிக்க மட்டுமே விடுகிறது. இந்த எச்சரிக்கை முற்றிலும் நியாயமானது. வலுக்கட்டாயமாக எழுத வைக்கும் வழிகளை யாரும் நாட வேண்டாம்.

விண்டோஸின் கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் பகுதிக்குச் சென்று, பவர் பொத்தான்களின் செயலைத் தீர்மானிக்கும் பக்கத்தில் அந்த வசதிக்கான குறியை நீக்கிவிட்டு, கணினியை அணைத்தேன். அதன்பின் லினக்ஸில் கோப்புகள் தடையின்றிச் சேமிக்கப்பட்டன. விண்டோஸ் திறக்கச் சற்றுக் கூடுதல் நேரம் ஆகிறது. அவசரத்துக்கு, ஷட் டவுனுக்குப் பதிலாக ரீஸ்டார்ட் கொடுத்து லினக்ஸுக்குச் சென்றாலும் போதும். ரீஸ்டார்ட் இந்த வசதியைப் பயன்படுத்துவதில்லை.