நாயின் காது வலிக்குப் போனில் வைத்தியம்: நாங்கள் விடும் பிழைகள்

உப்புவெளிக் கடலில் குளித்து வந்த மூன்றாம் நாள் ஜிம்மி தலையை உதறத் தொடங்கினான். காதுக்குள் தண்ணீர் போயிருக்கும், தானாகச் சரிவரும் என்று விட்டுவிட்டேன். ஐந்தாம் நாள் அவன் படுக்கும் சாக்கில் புளித்த வாடை. காது மடலைத் தூக்கிப் பார்த்தால் உள்ளே சிவந்து, மண்ணிறத்தில் மெழுகு போல அப்பிக் கிடந்தது. அன்றிரவே ஒரு மிருக வைத்தியரோடு வீடியோவில் கதைக்க நேரம் எடுத்தோம். வைத்தியர் பார்க்கும்போது ஊத்தையாக இருக்கக்கூடாதே என்று, அதற்கு முன்னர் பஞ்சுக்குச்சியால் காதை நன்றாகத் துடைத்து வைத்தேன்.

நான் செய்த பிழைகளில் மோசமானது அதுதான். வைத்தியருக்குத் தெரிந்தது வெறும் சிவந்த தோல். "ஊத்தை என்ன நிறம்? ஈரமா, காய்ந்ததா? இரண்டு காதிலுமா?" என்று கேட்டார். அரைகுறையாகத்தான் பதில் சொல்ல முடிந்தது. இரண்டு நாள் கழித்து நேரில் கொண்டுபோனபோது, நான் குச்சியால் உள்ளே தள்ளிய மெழுகு ஒரு கட்டியாக இறுகியிருந்தது. அதை எடுக்க ஜிம்மிக்கு மயக்கமருந்து கொடுக்க வேண்டி வந்தது.

எங்கள் காதை வைத்து நாயின் காதை நினைப்பதால்தான் இந்தப் பிழை வருகிறது. மனிதரின் காதுக்குழாய் ஏறக்குறைய நேரானது, இரண்டரை சென்ரிமீற்றர் அளவுதான். நாயின் குழாய் முதலில் கீழ்நோக்கி இறங்கி, பிறகு தலைக்குள் பக்கவாட்டில் திரும்புகிறது. செவிப்பறை அந்த வளைவுக்கு அப்பால் இருக்கிறது. நீங்கள் எவ்வளவு டோர்ச் அடித்தாலும், போன் கமராவை எவ்வளவு கிட்டப் பிடித்தாலும் தெரிவது வாசல் மட்டும்தான். குச்சியால் குடைந்தால் ஊத்தை வளைவுக்குள் போய் அடையும்.

நோய் தொடங்குவதைக் கவனிக்காமல் விடுவது அடுத்த பிழை. திருகோணமலையில் மே முதல் செப்டெம்பர் வரை கடல் அமைதி, நாய்களும் எங்களோடு இறங்கிவிடும். ஒக்டோபருக்குப் பிறகு மாரி மழை. ஆக, காதுக்குள் ஈரம் நிற்பதற்கு வருடம் முழுக்க வாய்ப்பிருக்கிறது. லாப்ரடோர், கொக்கர் ஸ்பானியல் போலத் தொங்கு காது உள்ளவைக்குக் காற்றுப் புகாததால் இன்னும் கூட. ஓயாமல் தலையை உதறுவது, காதைச் சொறிவது, முகத்தைத் தரையில் தேய்ப்பது, தொட்டால் முனகுவது, வாடை. இவற்றில் இரண்டு சேர்ந்தாலே காதுதான் காரணமோ என்று பாருங்கள். எங்கள் ஊரில் உண்ணி அதிகம் என்பதால் எல்லாவற்றையும் உண்ணி என்று நினைத்துவிடுகிறோம். காது மடலில் உண்ணி இருக்கலாம்தான். ஒன்றைப் பிடுங்கியதோடு பிரச்சினை முடிந்தது என்று எண்ணக்கூடாது. மண்ணெண்ணெய் தடவுவது வேண்டவே வேண்டாம், தோலைப் புண்ணாக்கும்.

ஊத்தையின் நிறத்தைப் பார்த்து நோயை முடிவு செய்வதும் வழக்கமாக நடப்பது. கோப்பித்தூள் போலக் கறுப்பாக இருந்தால் காதுப் பேன், மண்ணிறமாகப் புளித்த வாடையோடு இருந்தால் பூஞ்சணம், மஞ்சளாகச் சீழ் வடிந்தால் பக்ரீரியா என்று பொதுவாகச் சொல்வார்கள். ஊகிக்க உதவும், அவ்வளவுதான். ஒரே காதில் பூஞ்சணமும் பக்ரீரியாவும் சேர்ந்தே இருக்கலாம். உறுதியாகத் தெரிய வேண்டுமானால் பஞ்சில் கொஞ்சம் எடுத்து, கண்ணாடித் தட்டில் தடவி நுணுக்குக்காட்டியில் பார்க்க வேண்டும். சில நிமிட வேலை, ஆனால் போனால் முடியாத வேலை.

அப்படியானால் வீடியோவில் வைத்தியரைப் பார்ப்பதில் பயனில்லையா? நிறையப் பயன் இருக்கிறது. நகருக்கு வெளியே வெருகல், குச்சவெளிப் பக்கம் இருப்பவர்களுக்கு நாயை ஓட்டோவில் ஏற்றி வருவதே பெரும்பாடு. இன்றே கொண்டுவர வேண்டுமா, இரண்டு நாள் பொறுக்கலாமா, அதுவரை என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்று ஒரு வைத்தியர் வீடியோவில் பார்த்துச் சொல்லிவிடுவார். நேரில் காட்டிய பிறகு மருந்து வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்கும், காது கழுவும் முறையைப் பழகுவதற்கும் அதைவிட வசதி வேறில்லை. நேரில் பார்ப்பதற்குப் பதிலாக அதை எடுத்துக்கொள்ளும்போதுதான் நாய் கஷ்டப்படுகிறது.

எனக்கு மிகவும் மனவருத்தம் தந்த ஒன்றைச் சொல்கிறேன். எனக்குத் தெரிந்த ஒரு அக்காவின் நாய்க்கு, எங்கோ ஓரிடத்தில் ஒரேயொரு படத்தைப் பார்த்துவிட்டுத் துளிமருந்து எழுதிக் கொடுத்தார்கள். செவிப்பறை கிழிந்திருக்கிறதா என்று எவரும் பார்க்கவில்லை. ஜென்டாமைசின், நியோமைசின் போன்ற மருந்துகள் கிழிந்த செவிப்பறை வழியாக உட்காதுக்குப் போனால் கேட்கும் திறனும் உடல் சமநிலையும் கெடலாம். அந்த நாய் தப்பிவிட்டது. ஆனாலும், "செவிப்பறையைப் பார்க்காமல் இதை விடலாமா டொக்டர்?" என்று கேட்க வேண்டும் என்பது அன்றைக்கு அக்காவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நீங்கள் கேளுங்கள். மிருக வைத்திய சபையில் பதிவு பெற்றவரா என்று கேட்பதிலும் தப்பில்லை, நல்ல வைத்தியர் கோபிக்க மாட்டார்.

போன தடவை மிஞ்சிய போத்தலையும், அயல்வீட்டு நாயின் மருந்தையும், பாமசியில் மனிதருக்கு வாங்கியதையும் விடுவது இதே ஆபத்துத்தான். பூண்டு காய்ச்சிய நல்லெண்ணெய் எங்கள் வீடுகளில் பிள்ளைகளின் காது வலிக்குப் பழகிய கைமருந்து. நாயின் ஈரக் காதில் எண்ணெய் விட்டால் ஊத்தையோடு சேர்ந்து அடைத்துக்கொள்ளும், பூண்டு அதன் வயிற்றுக்குள் போவதும் நல்லதல்ல. டெட்டோல் தண்ணீரும் ஹைட்ரஜன் பெரொக்சைட்டும் புண்பட்ட தோலை எரிக்கும். வலிக்கிறதே என்று பனடோலோ ஐபியூபுரோஃபெனோ கொடுக்காதீர்கள். பனடோல் அளவு கூடினால் ஈரலைக் கெடுக்கும். ஐபியூபுரோஃபென் நாயின் வயிற்றில் புண்ணை உண்டாக்கும், சிறுநீரகத்தையும் பாதிக்கும்.

சரி, வீடியோவுக்கு எப்படி ஆயத்தமாவது? காதைத் துடைக்காமல், பகல் வெளிச்சத்தில், மடலைத் தூக்கிப் பிடித்து இரண்டு காதையும் தனித்தனியாகப் படம் எடுங்கள். நல்ல காது எப்படி இருக்கிறது என்பதும் வைத்தியருக்குத் தேவை. நாய் தானாகத் தலையை உதறுவதையும், நேராக நடந்து வருவதையும் முன்கூட்டியே வீடியோ எடுத்து வையுங்கள். வைத்தியர் பார்க்கும் நேரத்தில் அது உதறும் என்று சொல்ல முடியாது. நாயைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறி, உங்கள் நிறையைக் கழித்தால் அதன் நிறை வரும். இதுவரை என்னென்ன விட்டீர்கள் என்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள், எண்ணெயையும் சேர்த்து. மருந்தின் பெயரை வாயால் கேட்டு எழுதாமல் வட்ஸ்அப்பில் எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள். வைத்தியர் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ கதைப்பவரானால் இது இன்னும் முக்கியம். இன்னொன்று, வலியில் இருக்கும் நாய் வளர்த்தவரையும் கடிக்கும். கடித்துவிட்டால், ஊசி போட்ட நாயாக இருந்தாலும், சவர்க்காரமும் ஓடும் தண்ணீருமாகப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

சில அறிகுறிகளுக்கு வீடியோவை எதிர்பார்த்துக் காத்திருக்கவே கூடாது. தலை ஒரு பக்கம் சரிந்தே நிற்பது, நடக்கும்போது தள்ளாடி விழுவது, கண்மணி பக்கவாட்டில் துடிப்பது, முகத்தின் ஒரு பாதி தொங்குவது, வாயைத் திறக்கவே வலிப்பது எல்லாம் நோய் செவிப்பறையைத் தாண்டிவிட்டதைக் காட்டலாம். காது மடல் தலையணை போல வீங்கினால் உதறிய வேகத்தில் உள்ளே இரத்தம் கட்டியிருக்கிறது. காதில் புழு தெரிந்தாலும் அன்றே ஓடுங்கள்.

மருந்து விடும்போது மடலை மேல்நோக்கிப் பிடித்து, சொன்ன அளவை விட்டு, காதின் அடிப்பகுதியை அரை நிமிடம் மெதுவாகப் பிசையுங்கள். சளக் சளக் என்று கேட்டால் மருந்து உள்ளே இறங்குகிறது. பிறகு நாயை உதற விட்டு, வெளியே வந்ததை மட்டும் பஞ்சால் துடையுங்கள். மூன்றாம் நாளே வாடை போய்விடும், சொறிவதும் நிற்கும். அத்தோடு மருந்தை நிறுத்தும் வீடுகள் ஏராளம். துளிமருந்தில் பெரும்பாலும் ஸ்டீரோய்ட் கலந்திருப்பதால் வீக்கமும் சொறிவும் முதலில் அடங்கும், கிருமி இன்னும் இருக்கும். சொன்ன நாள் வரை விட்டு, திரும்பவும் காட்டித்தான் முடிக்க வேண்டும்.

அடிக்கடி திரும்பி வரும் காது நோய்க்குக் காதுக்கு வெளியே காரணம் இருக்கும் என்பதை நான் பிந்தித்தான் அறிந்தேன். நாலு மாதம் கழித்து ஜிம்மிக்கு மறுபடி வந்தபோது, வீடியோவில் வைத்தியர் காதைப் பார்த்து முடித்ததும் பாதத்தைக் காட்டச் சொன்னார். விரல்களுக்கு இடையே வெள்ளை மயிர் துருப்பிடித்த நிறமாகியிருந்தது. நக்கி நக்கி வந்த நிறம். ஒவ்வாமையாக இருக்கலாம் என்றார். காதை நேரில் காட்டி மருந்து எடுத்தோம். கூடவே, கோழியும் மீன்தலையும் பிஸ்கட்டும் எல்லாம் நிறுத்தி, இதுவரை அவன் தின்னாத ஆட்டிறைச்சியும் சோறும் மட்டும் எட்டுக் கிழமை கொடுத்துப் பார்க்கச் சொன்னார். இது ஆறாவது கிழமை. பாதம் நக்குவது குறைந்திருக்கிறது. ஒவ்வொரு ஞாயிறும் பகல் வெளிச்சத்தில் இரண்டு காதையும் நாலு பாதத்தையும் படம் எடுத்து அவருக்கு அனுப்புகிறேன்.