திருவிழாவுக்குப் பூசையுடை தைப்பிக்கும் முன்

மட்டக்களப்பு மறைமாவட்டப் பங்கொன்றில் திருவிழாவுக்கெனப் புதிய பூசையுடை (திருப்பலியில் குருவானவர் அணியும் மேலுடை) தைப்பிக்க எண்ணுவோர், துணி வாங்குவதற்கு முன்னரே பங்குத்தந்தையுடன் அமர்ந்து, அது எந்த நாள்களில் அணியப்படும் என்பதைத் தீர்மானிக்க வேண்டும். ஏனெனில் நிறத்தை நிர்ணயிப்பது வழிபாட்டுக் காலமே. பாஸ்கா (உயிர்ப்பு), கிறிஸ்து பிறப்புக் காலங்களுக்கு வெள்ளை, தவக்காலத்துக்கு ஊதா, விசுவாசத்துக்காக உயிர்நீத்த மறைசாட்சியரின் விழாக்களுக்குச் சிவப்பு.

அலங்காரம் எவ்வளவு என்பதே கடினமான கேள்வி. 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருவழிபாடு பற்றிய ஏடு, வெறும் ஆடம்பரத்தைவிட மேன்மையான அழகையே நாட வேண்டும் என்று கூறி, திருவுடைகளுக்கும் அதுவே பொருந்தும் என்கிறது. ஆகவே சரிகையைக் குவிக்காமல், துணியின் தரத்துக்கும் தையலின் நேர்த்திக்கும் பணத்தைச் செலவிடுங்கள். அந்தந்த நாட்டின் இயற்கை இழைத் துணிகளைத் திருச்சபை விதிகள் அனுமதிப்பதால், மருதமுனைக் கைத்தறியையும் பரிசீலிக்கலாம். (செப்டெம்பர் வெயிலில் ஆயித்தியமலை மாதா திருத்தலத்தில் திருப்பலி ஒப்புக்கொடுப்பவருக்குக் கனத்த உடை எத்தகைய சுமை என்பதை எண்ணிப்பாருங்கள்.)

இதற்காக ஏழைக் குடும்பங்களிடம் கட்டாயமாகப் பணம் அறவிடக் கூடாது. அதேவேளை, எளிமை என்ற பெயரில் கறைபடிந்த உடையைப் பீடத்துக்கு அனுப்புவதும் முறையன்று என்றே கருதுகிறேன். அளவைத் தாராளமாக வைத்துத் தைப்பியுங்கள். பங்குத்தந்தை மாறினாலும் உடை பங்கிலேயே இருக்கும்.