குடியை நிறுத்தக் கூட்டம் தேடினேன்

பல வருஷம் தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் கை நடுக்கத்தோடு நிற்காது, வலிப்புகூட வரலாம். அதனால் முதலில் டாக்டரைப் பார்த்தேன். சிங்கப்பூர் மனநலக் கழகத்தில் குடி போன்ற அடிமைப் பழக்கங்களுக்கென்றே ‘நாம்ஸ்’ என்ற தனிப் பிரிவு இருக்கிறது.

மருந்து உடம்பைச் சரிசெய்தது. ஆனால் சம்பளம் வந்த சாயங்காலம் குடிக்கச் சொல்லிக் கால் தானாக லிட்டில் இந்தியாவின் தேக்கா பக்கம் இழுக்குமே, அதற்கு? (இரவு 10.30க்கு மேல் கடையில் விற்கக்கூடாது என்ற 2015 சட்டமெல்லாம் நம்மை ஒன்றும் செய்யாது. முன்னாடியே வாங்கி வைத்துவிடுவோம்!)

குடியை விட ஒருவருக்கொருவர் துணைநிற்பவர்களின் அமைப்பு ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ‘ஏஏ’. அதன் சிங்கப்பூர் இணையத்தளத்தில் கூட்டப் பட்டியலைப் பார்த்தேன். ‘ஓப்பன்’ என்றால் யாரும் வரலாம். ‘குளோஸ்டு’ என்றால் குடியை விட நினைப்பவர்கள் மட்டும். தெரிந்த முகம் எதிர்ப்படக்கூடாதென்று வீட்டுக்குத் தூரமான இடமாகப் பிடித்தேன்.

வாசலில் தயங்கி நின்றபோது ஒரு பெரியவர், “தம்பி, பேசணும்னு இல்ல. கோப்பி எடுத்துக்கிட்டு உக்காருங்க” என்றார். பேரை மட்டும்தான் கேட்டார்கள், வேலை விவரம் யாருக்கும் வேண்டாம். பேச்சு ஆங்கிலத்தில்தான். என் சிங்லிஷைக் கேட்டு ஒருவரும் சிரிக்கவில்லை. கட்டணம் கிடையாது. கடைசியில் ஒரு பை சுற்றி வந்தது, விருப்பப்பட்டவர்கள் போட்டார்கள்.

நம்மைவிட ‘மேலான சக்தி’யை நம்பு என்ற ஏஏ பேச்சு ஒத்துவராதவர்களுக்கு, அந்தப் பேச்சு இல்லாத ஸ்மார்ட் ரெக்கவரி முறை இருக்கிறது. குடிப்பவர்களின் குடும்பத்தாருக்கு அல்-அனான் என்ற தனிக் கூட்டம். என் வீட்டுக்காரி அங்கே போகிறாள்.

கிளம்புவதற்கு முன் பட்டியலை அன்றைக்கே ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள், பொது விடுமுறையில் நேரம் மாறலாம்.