மார்கழியில் கோழி இறகு நனையாமல் இருக்க
குளிரைக் கோழி தாங்கிவிடும், ஈரத்தைத்தான் தாங்காது. இறகுகளுக்கிடையே தங்கும் காற்றுதான் அதற்குப் போர்வை. நனைந்தால் அது போய்விடும்.

பனிக்குப் பயந்து கூண்டு முழுவதையும் சாக்கால் மூடுவது நம் பழக்கம். நானும் மூடினேன். விடிந்து பார்த்தால் தகரக் கூரையின் அடியில் முத்து முத்தாக நீர். எல்லாம் கோழிகள் விட்ட மூச்சு! இப்போது பக்கங்களை மட்டும் மறைத்து, கூரையையொட்டி ஒரு சாண் திறந்து விடுகிறேன்.

தரையில் உமியோ கடலைத் தோலோ நான்கு விரல் உயரம் பரப்பி, தினமும் கிளறுங்கள். ஒரு பிடி அள்ளி இறுக்கும்போது உருண்டையாக நின்றால் ஈரம் ஏறிவிட்டது, மாற்றிவிடுங்கள்.

அழுக்கான கோழியைக் கழுவ வேண்டாம். கூரைக்கடியில் அகலமான தொட்டியில் மணலும் ஆறிய அடுப்புச் சாம்பலும் வைத்தால், தானே புரண்டு உதறிக்கொள்ளும்.