பழைய கணினிக்குச் செலவு செய்யலாமா, புதிது வாங்கலாமா? முதலில் பச்சைக் களிம்பைப் பாருங்கள்

2013 இல் நாகர்கோவிலில் ஒரே கடையில், ஒரே நாளில் இரண்டு கணினிகள் வாங்கினோம். ஒன்று தக்கலையில் என் வீட்டுக்கு. மற்றது கடலோர ஊரான குளச்சலில் சித்தப்பா வீட்டுக்கு. உள்ளிருக்கும் பாகங்களில் இம்மியளவும் வேறுபாடு கிடையாது. மூன்றாம் தலைமுறை ஐ3 செயலி, எச்61 மதர்போர்டு, 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். 2025 ஜூனில் இரண்டும் பேசிவைத்தாற்போல் படுத்துக்கொண்டன.

என்னுடையது மூவாயிரத்துச் சொச்சம் ரூபாயில் எழுந்து உட்கார்ந்துவிட்டது. இதைத் தட்டச்சு செய்வதே அதில்தான். சித்தப்பாவினுடையது பிழைக்கவில்லை. “மக்களே, இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்தானே, உன்னுடையது மட்டும் எப்படித் தப்பியது?” என்று அவர் கேட்டார். அவருக்குச் சொன்ன பதிலை வரிசைப்படுத்தி இங்கே எழுதுகிறேன். நான் கணினிக் கடை நடத்துபவன் அல்ல. கடைக்காரர் நீட்டிய 42 ஆயிரம் ரூபாய் மதிப்பீட்டைப் பார்த்துப் பயந்து, திருப்புளியைக் கையில் எடுத்தவன்.

முதல் வேலை: திறந்து பாருங்கள்

வேகம், ராம், விண்டோஸ் எல்லாம் பிறகு. மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டுப் பக்கத் தகட்டைக் கழற்றுங்கள். கையில் ஒரு டார்ச் விளக்கு இருக்கட்டும்.

இணையத்தில் கிடைக்கும் வழிகாட்டிகள் பெரும்பாலும் வயதைக் கேட்கும். ஐந்து ஆண்டு ஆகிவிட்டதா, மாற்று என்று சொல்லும். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் வயதைவிட முக்கியம், பெட்டி எந்த ஜன்னலுக்கு அருகில் இருந்தது என்பது. சித்தப்பாவின் கணினி மேற்கு ஜன்னலை ஒட்டிய மேசையில் இருந்தது. ஆடிக் காற்று அதன் வழியாகத்தான் வீட்டுக்குள் வரும். கடல் அலை தெறிக்கும்போது நுண்ணிய உப்புத் துகள்கள் காற்றோடு வருகின்றன. கணினியின் விசிறி அவற்றை இழுத்து உள்ளே சேர்க்கிறது. உப்பு காற்றின் ஈரத்தை உறிஞ்சும். அந்த ஈர உப்புப் படலம் மின்சாரத்தைக் கடத்தும், செம்பையும் அரிக்கும். குத்துவிளக்கைத் துலக்காமல் விட்டால் பிடிக்குமே, அதே பச்சைக் களிம்பு மதர்போர்டிலும் பிடிக்கும்.

களிம்பு எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் தீர்ப்பு.

பெட்டியின் தகட்டிலும் திருகாணித் தலைகளிலும் மட்டும் துரு என்றால் கவலை வேண்டாம். ராம் பட்டையின் பொன்னிறப் பற்கள் மங்கியிருந்தால், பட்டையைக் கழற்றிப் பள்ளிப் பிள்ளைகள் பயன்படுத்தும் ரப்பரால் மெதுவாகத் தேய்த்துத் தூளை ஊதிவிட்டு மாட்டுங்கள். (ரப்பர் மரம் வளர்க்கும் மாவட்டத்துக்காரர்களுக்கு இந்த வைத்தியம் பொருத்தமானதுதான்.) செத்துவிட்டது என்று நினைத்த கணினி இதிலேயே உயிர் பெற்றதை நான் பார்த்திருக்கிறேன்.

ஆனால் ராம் மாட்டும் குழியின் உள்ளே, சில்லுகளின் கால்களில், மதர்போர்டின் அடிப்புறத் தடங்களில் பச்சையோ வெள்ளைப் பூப்போ தெரிந்தால் பணத்தைப் பைக்குள் வையுங்கள். செயலியைச் சுற்றி நிற்கும் உருளை வடிவ மின்தேக்கிகளின் தலை உப்பியிருந்தாலும் அதே தீர்ப்புதான். சித்தப்பாவின் மதர்போர்டில் இரண்டும் இருந்தன. வெயில் நாளில் ஓடும், மழை பிடித்தால் உறைந்து நிற்கும் என்று அவர் ஓராண்டாகச் சொல்லிவந்தார். அதை நான் வைரஸ் என்று நினைத்து மூன்று முறை விண்டோஸை அழித்துப் போட்டேன். அந்த மூன்று ஞாயிற்றுக்கிழமைகளும் வீண்.

எங்கே மூச்சு முட்டுகிறது?

பெட்டி சுத்தமாக இருந்தால் அடுத்து இது. வழக்கமாகச் செய்யும் வேலைகளைத் திறந்து வைத்துக்கொண்டு கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் வரும். ஐந்து நிமிடம் பொறுமையாகப் பாருங்கள்.

டிஸ்க் 100 விழுக்காட்டில் நிற்க, செயலி 15, 20 என்று சும்மா இருந்தால் குற்றவாளி ஹார்ட் டிஸ்க். அதற்குப் பதிலாக, சுழலும் பாகம் எதுவும் இல்லாத எஸ்எஸ்டி என்ற சேமிப்பகத்தைப் போட்டால் தீரும். மெமரி 90ஐத் தாண்டி நின்றால் ராம் போதவில்லை. செயலியே எப்போதும் 100 என்றால் முதலில் விசிறித் தூசியையும் செயலியின் சூட்டைக் கடத்தத் தடவியிருக்கும் பசையான தெர்மல் பேஸ்ட் காய்ந்துவிட்டதா என்பதையும் கவனியுங்கள். அதன் பிறகும் 100 என்றால் உங்கள் வேலைக்கு அந்தச் செயலி போதாது. அப்போது புதிதுதான்.

என்னுடையதில் டிஸ்க் 100, மெமரி 88. திரை வந்து, நான் ஒரு கோப்பைத் திறப்பதற்குள் கட்டஞ்சாயா ஆறிவிடும்.

கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளையும் ஓட்டிப் பாருங்கள். நீலம் என்றால் நலம். மஞ்சள் நிறத்தில் எச்சரிக்கை வந்தால் மற்ற வேலைகளை விட்டுவிட்டு அன்றைக்கே படங்களையும் கணக்குகளையும் வேறிடத்தில் நகல் எடுங்கள்.

என்ன வாங்குவது

எஸ்எஸ்டி 240 ஜிபி எனக்குப் போதுமாக இருந்தது. ஹார்ட் டிஸ்க்கைப் போலவே சாட்டா என்ற கேபிளில் இணைக்கும் இரண்டரை அங்குல வகையைக் கேளுங்கள். எச்61 போர்டில், நேராகப் போர்டிலேயே செருகும் எம்.2 வகைக்கு இடம் இருக்காது.

இங்கே கடைக்காரர் ஒரு வாதம் வைப்பார்: “இந்தப் போர்டில் எஸ்எஸ்டி முழு வேகம் தராது, வீண் செலவு.” பாதி உண்மை. எச்61 தருவது நொடிக்கு 3 ஜிகாபிட் சாட்டா. எஸ்எஸ்டியால் நொடிக்கு 500 எம்பிக்கு மேல் முடியும் என்றால் இதில் 270, 280தான் கிடைக்கும். ஆனால் கணினி தொடங்கும்போது நடப்பது பெரிய கோப்பு ஒன்றை வாசிப்பது அல்ல. ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளை அங்கும் இங்குமாகத் தேடுவது. ஹார்ட் டிஸ்க்கின் ஊசி ஒவ்வொன்றுக்கும் நகர்ந்து போய் வர வேண்டும். எஸ்எஸ்டியில் நகர எதுவும் இல்லை. என் கணினி தொடங்க ஆறு நிமிடம் எடுத்தது, இப்போது முப்பது நொடிக்குள் வந்துவிடுகிறது. பாதி வேகமே எனக்கு அதிகம்.

ராம் டிடிஆர்3 வகை. டிடிஆர்4 பட்டையின் வெட்டு வேறிடத்தில் இருக்கும், மாட்டவே வராது. சந்தையில் மலிவான 8 ஜிபி டிடிஆர்3 பட்டைகள் சில ஏஎம்டி போர்டுக்கு மட்டுமே வேலை செய்பவை. இன்டெல் போர்டு என்று சொல்லி, வேலை செய்யாவிட்டால் திருப்பித் தருவேன் என்று பேசிக்கொண்டு வாங்குங்கள். 2025 இறுதியிலிருந்து ராம் விலை ஏறு முகமாக இருக்கிறது. செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டு போகின்றன. ஆகவே என் பழைய ரசீதைக் காட்டிக் கடையில் சண்டை போடாதீர்கள்.

பழைய டிஸ்க்கில் இருந்ததை அப்படியே நகலெடுத்து எஸ்எஸ்டியில் போடலாம். எனக்கு அது பிடிக்காது. பன்னிரண்டு ஆண்டுக் குப்பையைப் புது வீட்டுக்கு மூட்டை கட்டிக்கொண்டு போவானேன்? புதிதாக நிறுவுங்கள்.

என்னைக் கவிழ்த்த நாற்பது ரூபாய் பேட்டரி

எல்லாம் மாட்டி, விண்டோஸ் 10 போட்டு, பறந்தது. இரண்டு நாள் கழித்து வங்கித் தளம் திறக்கவில்லை. இணைப்பு பாதுகாப்பானது அல்ல என்று சொன்னது. ஜிஎஸ்டி தளமும் அப்படியே. எஸ்எஸ்டிதான் கோளாறு என்று முடிவு கட்டினேன். திரையின் மூலையில் ஆண்டு 2012 என்று காட்டியதை என் மகள்தான் கவனித்தாள்.

மதர்போர்டில் பத்து ரூபாய் நாணயத்தைவிடச் சிறிய வட்ட பேட்டரி ஒன்று இருக்கும். சிஆர்2032, 3 வோல்ட். மின்சாரம் இல்லாதபோது கடிகாரத்தையும், கணினி எழும்போது முதலில் ஓடும் அடிப்படை மென்பொருளான பயாஸின் அமைப்புகளையும் காப்பது அதுதான். அது தீர்ந்தால் தேதி பின்னால் ஓடிவிடும். தேதி தவறென்றால் தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழைக் கணினி நம்பாது. ஆக, நாற்பது ரூபாய் விஷயம்.

வாங்கி மாட்டினேன். இயக்கினேன். நீலத் திரை! தொடக்கச் சாதனத்தை அணுக முடியவில்லை என்று சொல்லிவிட்டுத் தானாகவே மீண்டும் மீண்டும் அணைந்து எழுந்தது. எஸ்எஸ்டியைக் கழற்றி மாட்டினேன், கேபிளை மாற்றினேன். இரவு பதினொரு மணி. அந்த 42 ஆயிரம் மதிப்பீட்டுத் தாளைத் தேடத் தொடங்கிவிட்டேன்.

நடந்தது இதுதான். பேட்டரியைக் கழற்றியதும் பயாஸ் தன் பிறவி அமைப்புக்குத் திரும்பிவிட்டது. என் போர்டின் பிறவி அமைப்பில் சாட்டா முறை, அதாவது டிஸ்க்கோடு பேசும் விதம், பழைய ‘ஐடிஇ’. நான் விண்டோஸ் நிறுவியதோ புதிய ‘ஏஎச்சிஐ’ முறையில். பூட்டு மாறியது தெரியாமல் பழைய சாவியைத் திருகிக்கொண்டிருந்தது விண்டோஸ்.

ஆகவே பேட்டரியில் கை வைப்பதற்கு முன் இதைச் செய்யுங்கள். கணினியை இயக்கியவுடன் டெலீட் விசையைத் தட்டி (சில போர்டுகளில் எஃப்2) பயாஸுக்குள் போங்கள். ஒவ்வொரு பக்கத்தையும் கைப்பேசியில் படம் எடுங்கள். குறிப்பாக இரண்டு: சாட்டா முறை எது, தொடக்க முறை புதிய யுஇஎஃப்ஐயா பழைய லெகஸியா. பேட்டரி மாற்றியபின் அந்தப் படங்களைப் பார்த்துப் பழையபடி அமைத்துச் சேமித்து வெளியேறுங்கள். விண்டோஸ் ஒன்றுமே நடக்காததுபோல் எழுந்து வரும். எனக்கும் வந்தது, அதிகாலை ஒன்றரைக்கு.

விண்டோஸ் 10 முடிந்துவிட்டதே?

2025 அக்டோபர் 14 உடன் விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 அதிகாரப்பூர்வமாகக் கேட்பது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி, இன்டெல் என்றால் ஏறத்தாழ எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ. என் மூன்றாம் தலைமுறைக்கு அந்த வாசல் மூடியிருக்கிறது. குறுக்கு வழியில் நுழைக்கலாம். கணக்கு வழக்குப் பார்க்கும் கணினியில் நான் செய்ய மாட்டேன்.

நேர்வழிகள் இரண்டு. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புத் திட்டத்தில் சேர்ந்தால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புப் புதுப்பிப்புகள் கிடைக்கும். அல்லது விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போடுங்கள். தமிழ்99 விசைப்பலகையும் அதில் இருக்கிறது. டேலி என்ற கணக்கு மென்பொருளை நம்பிப் பிழைப்பவர்கள் மட்டும் லினக்ஸ் பக்கம் போக வேண்டாம்.

சித்தப்பாவுக்கு என்ன வாங்கினோம்

மேற்குக் கரையில் ஜூன், ஜூலை இரண்டு மாதமும் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். மீன்வலைக் கடைக்குக் கணக்கு எழுதும் சித்தப்பாவுக்கு வேலை குறைவு. அதனால் நிதானமாகத் தேட முடிந்தது. புத்தம் புதிது வாங்கவில்லை. அலுவலகங்களிலிருந்து கழித்து, சரிபார்த்து விற்கும் சிறிய கணினிகளில் எட்டாம் தலைமுறை ஐ5 ஒன்றைப் பார்த்து எடுத்தோம். விண்டோஸ் 11 அதிகாரப்பூர்வமாகவே ஓடும். களிம்பைப் பார்க்காமல் அவருக்காக அவசரப்பட்டு வாங்கியிருந்த எஸ்எஸ்டி புதியதில் மாட்டப்பட்டது. பழைய திரையும் விசைப்பலகையும் தொடர்ந்தன. ராம் மட்டும் என் கணினியின் இரண்டாவது குழிக்கு வந்துவிட்டது. அதற்கும் ரப்பர் வைத்தியம்தான்.

என் கணக்கு இது: மேம்படுத்தும் செலவு, இப்படிப்பட்ட பழைய அலுவலகக் கணினி ஒன்றின் விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் மேம்படுத்தாதீர்கள். புதுக் கணினியின் விலையோடு ஒப்பிட்டால் எல்லாச் செலவும் சிறியதாகத்தான் தோன்றும்.

பெட்டி இப்போது கிழக்குச் சுவரோரம் இருக்கிறது. ஜன்னல் பக்கம் சித்தப்பாவின் சாய்வு நாற்காலி.

இதை எழுதியபின் வந்த கேள்விகள்

பெட்டியைத் தொட்டால் சுருசுருவென்று அடிக்கிறது, எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) மாற்ற வேண்டுமா என்று குலசேகரத்திலிருந்து ஒருவர் கேட்டார். முதலில் எர்த் பாருங்கள். எஸ்எம்பிஎஸ்ஸின் வடிகட்டி மின்தேக்கிகள் வழியே கசியும் சிறு மின்சாரம் எர்த் கம்பியில் இறங்க வேண்டும். அந்தக் கம்பி இல்லையென்றால் பெட்டியிலேயே நிற்கும். பழைய வீடுகளில் மூன்று துளை பிளக் இருக்கும், பின்னால் கம்பி இருக்காது. மின்பணியாளரை அழையுங்கள். எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் நீங்களே திறக்காதீர்கள்.

ஐப்பசி இடிக்குப் பிளக்கைப் பிடுங்கியும் மதர்போர்டு போய்விட்டது என்றார் இன்னொருவர். இணையக் கேபிளைப் பிடுங்கினாரா? இல்லை. இடி அந்த வழியாகவும் வரும்.

மூன்றாமவருடைய விண்டோஸ் நிறுவப்பட்டதே ஐடிஇ முறையில். எஸ்எஸ்டிக்காக ஏஎச்சிஐ ஆக்கினால் நீலத் திரை. இதற்கு வழி: மாற்றுவதற்கு முன் ரன் பெட்டியில் எம்எஸ்கான்ஃபிக் என்று ஆங்கிலத்தில் தட்டி, பூட் பகுதியில் சேஃப் பூட் என்பதைத் தேர்ந்தெடுத்து மறுதொடக்கம் செய்யுங்கள். உடனே பயாஸுக்குள் போய் ஏஎச்சிஐ ஆக்குங்கள். விண்டோஸ் பாதுகாப்பு நிலையில் எழும். அங்கே சேஃப் பூட் தேர்வை எடுத்துவிட்டு மீண்டும் தொடங்குங்கள். அவர் அதில் மாட்டிக்கொண்ட இடம் வேறு: பாதுகாப்பு நிலையில் நான்கிலக்க பின் எண்ணை அவருடைய கணினி ஏற்கவில்லை, கடவுச்சொல்லைக் கேட்டது. அது அவருக்கு நினைவில்லை. மறுநாள் மாலை மைத்துனரின் பழைய டைரியில் எழுதிவைத்திருந்தது கிடைத்து, பத்து நிமிடத்தில் முடித்தார்.