மானிட்டரில் 100 வந்துவிட்டால் போதுமா? மயக்க மருந்துக்கு முன் ஆக்சிஜன் கொடுப்பதில் செய்யும் தவறுகள்

மாஸ்க் வைத்த கொஞ்ச நேரத்திலேயே விரலில் மாட்டிய கிளிப் 100 காட்டும், உடனே "சரி, மருந்து போடலாம்" என்று யாராவது சொல்வார்கள். முதல் தவறே இதுதான். அந்த 100 ரத்தத்தில் உள்ள ஆக்சிஜனின் கணக்கு (சாச்சுரேஷன்) மட்டும்தான். ஆரோக்கியமான ஆளுக்கு வெறும் காற்றிலேயே 98, 99 இருக்கும். மருந்து போட்டதும் மூச்சு நின்றுவிடும். மூச்சுக்குழாயில் ட்யூப் போடும்வரை தாங்க நமக்கு வேண்டிய ஆக்சிஜன் இருப்பு நுரையீரலில் இருக்கிறது. சாதாரணமாக மூச்சை விட்ட பிறகும் பெரியவர்களுக்கு உள்ளே சுமார் 2.5 லிட்டர் காற்று தங்கும், அதில் முக்கால்வாசி நைட்ரஜன். அதை விரட்டிவிட்டு ஆக்சிஜனை நிரப்பினால், நிமிடத்துக்குச் சுமார் 250 மில்லி செலவழிக்கும் உடம்பு மூச்சு நின்ற பிறகும் 8 நிமிடம் வரைகூடத் தாங்கும். நிரப்பாவிட்டால் ஒன்று, ஒன்றரை நிமிடத்தில் சாச்சுரேஷன் சரிய ஆரம்பிக்கும். அதனால் பார்க்க வேண்டியது வெளிவிடும் மூச்சில் உள்ள ஆக்சிஜன் அளவை. அது 90 சதவீதத்தை நெருங்க வேண்டும்.

எந்த முறை நல்லது என்று கேட்டால், அவசரம் இல்லாதபோது 3 நிமிடம் இயல்பாக மூச்சு விடச் சொல்வதுதான் என் தேர்வு. அரை நிமிடத்தில் 4 ஆழ்ந்த மூச்சு என்ற குறுக்குவழி 1981லிருந்து இருக்கிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் நன்றாகத்தான் ஏறும், ஆனால் மூச்சு நின்றதும் 3 நிமிடம் எடுத்தவரைவிடச் சீக்கிரம் இறங்கிவிடும். நேரமே இல்லையென்றால் ஒரு நிமிடத்தில் 8 ஆழ்ந்த மூச்சு பரவாயில்லை. ஆனால் ஆக்சிஜன் ஃப்ளோவை நிமிடத்துக்கு 5 லிட்டரிலேயே விட்டுவிட்டு "நல்லா இழுங்க" என்றால் மாஸ்க்கோடு இணைந்த பேக் சப்பிப்போகும், விட்ட மூச்சையே நோயாளி திரும்ப இழுப்பார். 10 லிட்டராவது வையுங்கள்.

எந்த முறையானாலும் அதைக் கெடுப்பது மாஸ்க் ஓரத்து இடைவெளிதான். நோயாளி பயப்படுகிறார் என்று மாஸ்க்கை முகத்துக்கு ரெண்டு விரல் மேலே பிடிப்பவர்களை எல்லா ஆபரேஷன் தியேட்டரிலும் பார்க்கலாம், அப்படிப் பிடித்தால் உள்ளே போவதில் பெரும்பகுதி அறைக் காற்று. தாடி, பல் இல்லாத வாய் இரண்டிலும் ஓரத்தில் கசியும். பேக் மூச்சோடு அசைகிறதா, மானிட்டரில் வெளிவிடும் மூச்சின் கார்பன் டை ஆக்சைடு கோடு ஒழுங்காக ஏறி இறங்குகிறதா என்று பாருங்கள். கோடு தட்டையாக இருந்தால் எத்தனை நிமிடம் கொடுத்தும் வீண். அப்புறம், "கண்ணு, என் மக வெளியதானே நிக்கிறா?" என்று பாட்டி கேட்பார், நாமும் மாஸ்க்கைத் தூக்கிவிட்டு "ஆமாம் பாட்டி" என்போம். ரெண்டு மூச்சு அறைக் காற்று போனாலே நைட்ரஜன் திரும்பிவிடும், கணக்கை முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். மாஸ்க்கை எடுக்காமலே பதில் சொல்லலாமே!

மூக்குவழி அதிவேக ஆக்சிஜன் இப்போது பலருக்குப் பிடித்துவிட்டது. நிமிடத்துக்கு 70 லிட்டர் வரை தரலாம், மூச்சு நின்ற பிறகும் நிறுத்தாமல் ஓடவிடலாம் என்பதுதான் அதன் பெரிய பலம். ஆனால் நோயாளி வாயைத் திறந்து வைத்திருந்தால் பலன் குறையும், வெளிவிடும் ஆக்சிஜனை ஒழுங்காக அளக்கவும் முடியாது. மயங்கியதும் தாடையைத் தூக்கிப் பிடிக்காவிட்டால் தொண்டை அடைத்துக்கொள்ளும், 70 லிட்டரும் வெளியேதான் போகும்.

பருமனானவரைத் தட்டையாகப் படுக்க வைப்பது இன்னொரு தவறு. வயிறு உதரவிதானத்தை மேலே தள்ளுவதால் நுரையீரலில் தங்கும் காற்றே குறைந்துவிடும். தலைப்பக்கத்தை 25 டிகிரி உயர்த்திவிட்டு ஆரம்பியுங்கள். கர்ப்பிணிகளுக்கும் அதே சிக்கல்தான், ஆக்சிஜன் செலவு வேறு அவர்களுக்கு அதிகம்.

சுத்த ஆக்சிஜன் கொடுத்தால் நுரையீரலின் அடிப்பகுதி சுருங்குமே என்று 80 சதவீதத்துக்குக் குறைப்பவர்களும் உண்டு. சுருங்குவது உண்மைதான், ஆனால் ட்யூப் போட்ட பிறகு அழுத்தம் கொடுத்து அதை விரித்துக்கொள்ளலாம். ட்யூப் போகாமல் திணறும்போது, குறைத்த அந்த 20 சதவீதத்தைத் திரும்பக் கொடுக்க வழியில்லை.